பாக்கியம் என்று கொத்திய கல்

உளியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் குளத்தில் எறிந்தேன்.

மாசி மாதத்து வெயில். குளம் என்று சொல்கிறேனே தவிர, அது கல் வெட்டி வெட்டி உண்டான பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். உளி விழுந்த இடத்தில் ஒரு சின்ன வளையம் எழுந்து அடங்கியது. சுயம்பு அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

“உமக்கு வெக்கமா இல்லையா?” என்று கத்தினேன். “என் கையில கெடந்து செத்தவளுக்கு இன்னும் பதினாறு கழியல்ல. அதுக்குள்ள கல்லு கொத்த உக்காந்தாச்சா? நான் ஒவ்வொருத்தியா சாகக் குடுக்கணும், நீரு ஒவ்வொரு கல்லா நாட்டணும். அப்படித்தானே?”

அவர் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மார்பளவு ஆழத்தில் நின்று காலால் துழாவினார். நான் கரையில் நின்று திட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கொட்டாரத்துக்குக் கிழக்கே நாலைந்து ஊர்களுக்கு அரசாங்க மருத்துவச்சி. அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

போன இதழைப் படித்த ஒரு வாசகர், “அம்மா, கொஞ்சம் கோபத்தைக் குறைத்து எழுதலாமே” என்று கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, முயன்று பார்த்தேன். இந்த வாரம் முடியாது.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. செத்தவள் வீட்டுப் பேரப்பிள்ளைகளில் நல்லவர்களும் இருக்கிறார்கள்.

செத்தபின் ஒரு கல்

சுமைதாங்கி இப்போது பலருக்குத் தெரியாது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். நெஞ்சு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் குனியாமல், யார் உதவியும் இல்லாமல், சுமையை அப்படியே அதன்மேல் தள்ளிவிட்டு நிற்கலாம். போகும்போது தலையைக் கொடுத்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கர்ப்பிணியாகச் செத்தவளுக்குத்தான் எங்கள் பக்கத்தில் அதை நாட்டுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமல் போய்விட்டாள் அல்லவா? வழியில் போகிறவர்கள் அந்தக் கல்லில் ஒவ்வொரு முறை சுமையை இறக்கும்போதும் அவளுடைய சுமை கொஞ்சம் குறையுமாம்.

அழகான நம்பிக்கை என்று இப்போது சில படித்தவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருந்தபோது அவள் தலையிலிருந்து ஒரு குடத்தை வாங்கி வைக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. செத்தபின் ஊரார் சுமைக்கெல்லாம் கல் நாட்டுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷத்தில் என் எல்லைக்குள் நான்கு கல் எழுந்தது. நான்கும் சுயம்பு நாட்டியவை.

பொத்தை ஓரத்து ஆள்

பொத்தை என்றால் மொட்டைப் பாறைக்குன்று. அதன் அடிவாரத்தில் பனையோலைக் குடிசை போட்டுத் தனியாக இருந்தார் சுயம்பு. அம்மி, ஆட்டுக்கல், மாவு திரிக்கிற திருவை, இவைதான் அவர் பிழைப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “சோறு பொங்கத் தெரியும்” என்று சொல்வாராம். வேறு காரணம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆள் முசுடு. கல்லில் குறை சொன்னால், கொடுத்த அம்மியைத் திரும்ப வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

சிற்பம் கற்றவர் இல்லை. பக்கத்து மயிலாடியில் பரம்பரையாகச் சாமி சிலை செய்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் இவர் போனதில்லை. ஆனால் சுமைதாங்கி கேட்டு யாராவது வந்தால், கேட்காத ஒன்றையும் சேர்த்துச் செய்துவிடுவார். நட்ட கல்லின் முகப்பில், செத்தவளைப் புடைப்பாகக் கொத்துவார்.

கோவில் தூண்களில் நீங்கள் பார்க்கிற பெண்கள் மாதிரி இருக்காது. இடுப்பு வளையாது, நகை கிடையாது. சுமந்து சுமந்து கழுத்து தோளுக்குள் இறங்கியிருக்கும். பாதம் இரண்டும் அகலமாக, விரல் விரிந்து, தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருத்தி தலையில் நெற்கட்டு. ஒருத்தி இடுப்பில் மீன் சுமக்கும் ஓலைக் கடவம். கடற்கரையிலிருக்கிற ராஜாக்கமங்கலத்திலிருந்து வந்து வாழ்க்கைப்பட்டவள் அவள். முகத்தில் மூக்கும் வாயும் இரண்டு மூன்று வெட்டுதான். ஆனால் நிற்கிற விதத்தைப் பார்த்தே, “இது நம்ம லெச்சுமில்லா” என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

அதற்குக் காரணம் எளிது. அந்த ஊரின் வண்டிப்பாதை அவர் குடிசை வழியாகத்தான் போனது. விறகும் நெல்லும் சாணமும் சுமக்கிற பெண்கள் அத்தனை பேரும் அங்கே நின்று, “அண்ணாச்சி, ஒரு கை பிடியும்” என்பார்கள். அவர் இறக்கிவைப்பார், பிறகு தூக்கிவிடுவார். பேச்சு அவ்வளவுதான். இருபது வருஷமாகப் பார்த்த பெண்களை அவர் கொத்தினார்.

மயிலாடி ஆசாரி ஒருவர் ஒரு நாள் லெச்சுமி கல்லின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, “அளவு எல்லாம் தப்பு. ஆனா நிக்கா பாத்தியா” என்று சொல்லிவிட்டுப் போனதாகத் தங்கம்மை சொன்னாள். தங்கம்மை, விறகு சுமந்து விற்கிறவள். அவளைப் பற்றிப் பின்னால் வருகிறது.

எனக்கு அந்தக் கல்லெல்லாம் பிடிக்காது. பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். நான் காப்பாற்ற முடியாமல் விட்டவர்கள் வழியில் நின்று என்னைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

முட்டை வெள்ளை

இப்போது பாக்கியத்துக்கு வருகிறேன்.

ஊரில் பெரிய வீட்டு மருமகள். ஐந்தாவது பேறு. ஏழாம் மாதம் பார்க்கப் போனபோதே காலில் நீர் கட்டியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றது. “உப்பைக் குறை, படுத்தே இரு” என்றேன். சிரித்தாள். “படுத்தா அடுப்பு தானே எரியுமா நர்ஸம்மா?”

எட்டாம் மாதம், கும்பப்பூ அறுப்பு முடிந்து களத்தில் சூடடிப்பு நடந்துகொண்டிருந்தது. மாடுகளைச் சுற்றவிட்டுக் கதிரை மிதிக்க வைப்பதைத்தான் சூடடிப்பு என்போம். முற்றம் முழுக்க வைக்கோல் வாசனை. பாக்கியம் என்னை உள்ளே இழுத்துக்கொண்டுபோய், “தலை பொளக்கு. கண்ணுக்கு முன்னால மின்னாம்பூச்சி மாதிரி பறக்கு” என்றாள். முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது.

சிறுநீரைக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி திரண்டது. இனிமேல் எந்த நேரத்திலும் வலிப்பு, எங்கள் பேச்சில் இழுப்பு, வரலாம். இழுப்பு வந்தால் தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள்.

வெளியே வந்து அவள் மாமனாரிடம் சொன்னேன். “இன்னைக்கே நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும். வில்வண்டிய பூட்டச் சொல்லுங்க.”

அவர் மரியாதையான மனிதர். ஒருநாளும் என்னைக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நடந்த கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிறவர்; உரிமை, விடுதலை என்றெல்லாம் அழகாகப் பேசுவார்.

“மாடு ரெண்டும் எட்டு நாளா களத்துல சுத்துகு. இன்னைக்குத்தான் படுக்க விட்டிருக்கேன். நாளைக் கழிச்சி பாப்போம்.”

“அதுவரை தாங்காது. நான் கொட்டாரத்துல வாடகை வண்டி பிடிச்சிட்டு வாறேன்.”

“என் வீட்டு மருமவ வாடகை வண்டியில போனா ஊரு என்ன சொல்லும்? நீங்க சின்னப் பிள்ளை. நாலு பெத்தவளுக்கு அஞ்சாவது பெறத் தெரியாதா?”

அவள் கணவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தொழுவத்தைப் பார்த்தான். அங்கே காளைகள் இரண்டும் வைக்கோல் மெத்தையில் காலை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் பாக்கியம், கஞ்சிப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு களத்துக்குப் போக முற்றத்தில் இறங்கினாள். அந்த வீங்கின காலோடு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகிற பஸ்ஸை மறித்திருக்க வேண்டும். செய்யவில்லை. பெரிய மனிதர், பெரிய வீடு, நான் இருபத்து மூன்று வயதுக்காரி. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடவும் செய்தேன்.

மறுநாள் காலை ஆள் ஓடி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இழுப்பு வந்துவிட்டது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். இப்போது வண்டி பூட்டினார்கள். இப்போது மாட்டுக்குத் தளர்ச்சி இல்லை. மூன்றாவது இழுப்பு வண்டியில் வந்தது. துணி சுற்றிய கரண்டியை அவள் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டிருந்தேன். சுசீந்திரம் தாண்டவில்லை. வண்டியைத் திருப்பினார்கள்.

மாடு எந்தப் பக்கம்?

அவளுக்குக் கல் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அன்று பொத்தைக்கு ஓடினேன். உளியை எறிந்தேன்.

சுயம்பு அதைக் கண்டெடுத்துக் கரையேறினார். வேட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் வடிந்தது. ஒரு கல்லைக் காட்டி, “இரிங்க” என்றார். நான் உட்காரவில்லை.

“இப்பம் சொல்லுங்க நர்ஸம்மா. என்ன நடந்து?”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. என் மேலதிகாரி கேட்டது பதிவேடு சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான். எல்லாவற்றையும் கொட்டினேன். குழாயில் திரண்டது, வாடகை வண்டி, ஊர் என்ன சொல்லும், கஞ்சிப் பானை, எல்லாம். “மாட்டுக்கு ஓய்வு வேணுமாம், கேட்டீரா? மாடு படுத்துக் கெடந்து. அவ சுமந்துட்டு போனா.”

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டே கேள்வி.

“ரெண்டு காலும் ஒண்ணுபோல வீங்கியிருந்தா?”

“இடது கால் கூடுதல்.”

“மாடு எந்தப் பக்கமா தலை வச்சு படுத்திருந்து?”

எனக்குத் தலைக்கேறியது. “மாட்டுக்க தலை எங்க இருந்தா உமக்கு என்ன ஓய்!” என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள்

பதினாறாம் நாள் காலையில் கல்லைப் பாதை வளைவில் நாட்டியிருந்தார்கள். வைக்கோல் பிரி சுற்றி மூடியிருந்தது. ஊர் கூடி நின்றது. அந்த வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனாலும் பாதையோரம் போய் நின்றேன்.

மாமனார் சொல்லி அனுப்பிய வாசகம், இன்னார் மகன் இன்னார் மனைவி நினைவாக என்பது. வைக்கோலை அவிழ்த்தார்கள். ஒரே ஒரு சொல்தான் கொத்தியிருந்தது. பாக்கியம்.

அதற்குக் கீழே அவள். தலையில் கஞ்சிப் பானை, ஒரு கை பானையில், ஒரு கை வயிற்றில். இரண்டு காலும் தூண் மாதிரி. இடது கால் பெரிது. விரல்களே இல்லை, வீக்கத்தில் புதைந்துவிட்டன. அவள் காலடியில் இரண்டு காளைகள், கால் மடக்கி, ஒன்றின் முதுகில் ஒன்று தலை சாய்த்து, சுகமாகப் படுத்திருந்தன.

யாரோ ஒரு பெண்தான் முதலில் கத்தினாள். “எக்கா, உனக்க காலு!” என்று ஓடிவந்து கல்லின் பாதத்தைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் கூட்டம் அப்படியே உடைந்தது. ஆண்கள் காளைகளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பெரிய வீட்டுப் பெரியவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“எவம்ல இத உனக்குச் சொன்னது?” அன்றுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். கேட்டது சுயம்புவிடம். கண் இருந்தது என்மேல்.

“யாரும் சொல்லல்ல” என்றார் சுயம்பு. “அன்னைக்கு உங்க தொழுவத்துப் பக்கமா வந்தேன். எனக்க கண்ணால பாத்தேன்.”

பொய். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. நான் சொல்ல வேண்டிய இடம் அது. ஊர் முழுக்க நின்றது. ‘நான்தான் சொன்னேன், அது நடந்தது’ என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நானும் காளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உடைல அத” என்றார் பெரியவர்.

“கொத்துனத உடைக்க மாட்டேன். கல்லு உங்களது. உடைக்கணும்னா உடைச்சிக்கிடுங்க.”

சம்மட்டி கொண்டுவரச் சொன்னார்கள். அதை முதலில் வாங்கியது பாக்கியத்தின் கணவன். ஓங்கி அடித்தான். காளைகளைத்தான் அடித்தான். இரண்டும் இருந்த இடம் தெரியாமல் போகும்வரை அடித்தான். பிறகு சம்மட்டியை மேலே தூக்கினான், அவள் முகத்துக்கு நேராக. தூக்கியவன் அப்படியே கீழே போட்டுவிட்டு வயல் பக்கம் நடந்துவிட்டான்.

“நீ அடில” என்று பண்ணையாள் ஒருவனிடம் பெரியவர் சொன்னார். அவன் ஓங்கினான். சுயம்பு குறுக்கே போய் அவள் முகத்தின்மேல் இடது கையை வைத்தார். சம்மட்டி இறங்கியது. கை இருப்பதைப் பார்த்துத்தான் அடித்தானா, ஓங்கியதை நிறுத்த முடியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சத்தம் மட்டும் தெரியும்.

ஒரு கட்டுப் போட்டேன்

நான் செய்தது ஒன்றே ஒன்று. கட்டுப் போட்டேன். இடது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் நைந்துவிட்டன. உளி பிடிக்கிற கை அது. லைசால் மருந்தில் கழுவும்போதுகூட அவர் முனகவில்லை. கல்தூள் காயத்துக்குள்ளெல்லாம் போயிருந்தது.

“எதுக்குப் பொய் சொன்னீர்?” என்று கேட்டேன். அழுகை வந்தது எனக்கு.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் கிரக்கம் எதுவும் இல்லை.

“நீங்க வாயத் தொறக்க கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும்னு சொன்னேன்” என்றார். “தொறக்கல்ல. குளத்தாங்கரையில நின்னு என்ன சத்தம் போட்டீங்க! சத்தம் எல்லாம் எனக்குத்தான் போல.”

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கட்டு மாற்றப் போனால் கையை நீட்டுவார்; முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்.

மற்ற மூன்று விரலில் உளியைத் துணியால் கட்டிக்கொண்டு, தேய்ந்த அம்மிகளைக் கொத்திக் கொடுத்துப் பிழைத்தார். உருவம் ஒன்றும் அதன்பின் செய்யவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் கொத்திய மற்ற நான்கு பெண்களையும் பின்னொரு காலத்தில் ரோடு அகலப்படுத்தியபோது பெயர்த்து, ஓடைப் பாலத்துக்குக் குறுக்கே போட்டார்கள். முகம் கீழாக. மேல்பக்கம் வழவழப்பாக இருந்தால்தானே வண்டி போகும்?

தங்கம்மையின் தலைச்சுமை

பாக்கியத்தின் கல்லில் மிஞ்சியதையும் அன்றே உடைத்துப் போட்டார்கள். அந்த மாதமே, பெரிய வீட்டுக்காரர் வெளியூர்க் கொத்தர்களை வரவழைத்து அதே வளைவில் புதிய சுமைதாங்கி நாட்டினார். இழைத்த கல், நேர்த்தியான எழுத்து. தன் பெயரும் மகன் பெயரும் போட்டு, உபயம் என்று கொத்தச் செய்தார். பக்கத்தில் ஒரு மோர்ப் பானையும் வைத்தார்.

எனக்கு மாற்றல் வந்தது. வாய்த்துடுக்கு, ஊரில் கலகம் மூட்டினேன் என்று மனு போயிருந்தது. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத வாய்க்கு அந்தப் பெயர்! குலசேகரம் பக்கம், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஆஸ்பத்திரி. தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த செய்தியை இரண்டு வருஷம் கழித்து அங்கே இருந்துதான் கேட்டேன்.

புறப்பட்ட அன்று என் இரும்புப் பெட்டியைக் கொட்டாரம் பஸ் நிற்கிற இடம்வரை சுமக்கத் தங்கம்மை வந்தாள். பெட்டி நிறையப் புத்தகமும் பீங்கான் தட்டுகளும். திண்ணையில் இருந்த பெட்டியை அவள் சும்மாட்டுக்கு நகர்த்திவிட்டேன். வெயில் ஏறியிருந்தது. பாதை வளைவு வருவதற்குள் அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.

சுமைதாங்கி எதிரே நின்றது. அவள் நெஞ்சுக்குச் சரியான உயரம். மேல்கல்லில் ஒரு கீறல் இல்லை, ஒரு வைக்கோல் துணுக்கு இல்லை. மோர்ப் பானையில் ஈ மொய்த்தது.

“இதுல இறக்கி வை தங்கம்மை. மூச்சு வாங்குகே உனக்கு.”

“இதுலயா?” என்றாள். நிற்காமல் நடந்தாள்.

“கல்லு நாட்டி ரெண்டு மாசமாச்சே, ஒருத்தருமா வைக்கல்ல?”

“ஆம்பிளையள்ல சிலரு வைப்பாவ. நாங்க வைக்க மாட்டோம். சுயம்பு அண்ணாச்சிகூட வந்து ஏசினாரு, நர்ஸம்மா. கல்லு என்னட்டி செஞ்சு, நீங்க இறக்கி வச்சாத்தானே அவளுக்கு நல்லது, சும்மா கழுத்த முறிக்காதீங்கன்னு. அவரு சொன்னா சொல்லட்டும்.” இரண்டு மூச்சு வாங்கினாள். “அதுல அவ பேரு எங்க இருக்கு?”

வளைவு தாண்டி இருபது அடி போனதும் அவளால் முடியவில்லை. “பிடிங்கோ” என்றாள். இரண்டு பேருமாகப் பெட்டியை வெறும் மண்ணில் இறக்கினோம். அவள் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் சுமைதாங்கி அங்கே நின்றுகொண்டிருந்தது.

தரையில் இறக்கிய சுமையை மறுபடி தலைக்குக் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஊரெல்லாம் பேறு பார்த்த நான் அதுவரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தலையில் சுமந்தவள் இல்லை. முதல் தடவை முழங்கால்வரைதான் வந்தது. இரண்டாம் தடவை இடுப்பில் நழுவிப் பீங்கான் தட்டு ஒன்று உள்ளே உடைந்தது. தங்கம்மை உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். மூன்றாம் தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஏற்றிவிட்டேன்.